ஸ்பிட்ஃபயர் காருக்கு வாகை மரத்தில் டேஷ்போர்டு

பழைய ஸ்போர்ட்ஸ் காரை மதுரையில் வைத்துக்கொள்வது கடினமல்ல. எஞ்சின் பார்க்க ஆள் இருக்கிறார்கள், தகரம் தட்ட ஆள் இருக்கிறார்கள், கிடைக்காத புஷ்ஷைக் கடைந்து தர லேத் பட்டறைகள் இருக்கின்றன. ஆனால் மரத்தில் செய்த டேஷ்போர்டை இங்குள்ள வெயில் விட்டுவைப்பதில்லை. எங்கள் டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 காரின் நடுப்பலகை அப்படித்தான் போனது. மேலே ஒட்டிய மெல்லிய மர ஏடான வெனீர் பூராவும் மெல்லிய வெடிப்புகள். கீழ் விளிம்பில் பிளைவுட்டின் அடுக்குகள் விரிந்து நின்றன. வேகமானியைச் சுற்றி வெனீர் சிம்பு சிம்பாகக் கிளம்பி, துடைக்கும் துணியில் மாட்டிக்கொண்டு வந்தது. அதைப் பழுதுபார்ப்பதா, புதிதாகச் செய்வதா என்று நீண்ட நாள் யோசித்து, புதிதாகவே செய்தேன். அந்த வேலையின் பதிவு இது.

காரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஸ்பிட்ஃபயர் 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரானது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜொவானி மிகெலோட்டி. டிரயம்ப் ஹெரால்டு காரின் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குறுக்கி அதன் மேல் அமைத்ததுதான் ஸ்பிட்ஃபயர். அதே ஹெரால்டுதான் 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரானது. தமிழ்நாட்டின் பழைய மெக்கானிக்குகளுக்கு அந்தக் காரின் முன்பக்கச் சக்கர அமைப்பு மனப்பாடம். அதனால்தான் எங்கள் வண்டி இன்னும் ஓடுகிறது. மார்க் 3 வகை 1967 முதல் 1970 வரை வந்தது, எஞ்சின் 1296 சி.சி. இந்த வகையில் மீட்டர்கள் ஓட்டுநருக்கு நேராக இல்லாமல் நடுவில் இருக்கும். ஸ்டியரிங் வலப்பக்கம் வைத்தாலும் இடப்பக்கம் வைத்தாலும் அதே பலகை பொருந்த வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அடுத்த வகையில் மீட்டர்களை ஓட்டுநர் முன்னால் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு நடுவில் இருப்பதுதான் பிடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே வரலாம்.

இந்த வண்டியைப் பெரியப்பா கொடைக்கானலில் வாங்கினார். மலையில் இருந்தவரை பலகைக்கு எதுவும் ஆகவில்லை. கீழே இறங்கிப் புதூரில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கத் தொடங்கிய பிறகுதான் சிதையத் தொடங்கியது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. 2018-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் வெயிலில் நிறுத்திய கார்களை அளந்து பார்த்தார்கள். 37 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காரின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறியது. மதுரையில் அந்த வெயில் சில மாதங்களுக்கு அன்றாடம். பகலில் அந்தச் சூட்டில் மரம் காய்ந்து சுருங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் அதே மரம் ஈரத்தை உறிஞ்சி விரிகிறது. மேலே பூசிய பழைய லாக்கர் பல ஆண்டுகளில் விறைத்துப்போய், மரத்தோடு சேர்ந்து அசைய முடியாமல் வெடிக்கிறது. வெடிப்பு வழியே ஈரம் இறங்குகிறது. அதன் பிறகு பசை போகிறது, அடுக்கு விரிகிறது.

இங்கிலாந்தில் இந்தப் பலகையைத் தயாராகவே செய்து விற்கிறார்கள். வால்நட் வெனீர் ஒட்டி, துளைகள் போட்டு, பெட்டியில் வரும். வேலைப்பாடு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பலகை எந்தப் பசையில் ஒட்டப்பட்டது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. மரத்தின் அழகைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இந்த ஊரில் டேஷ்போர்டின் ஆயுளைத் தீர்மானிப்பது பசை.

கழற்றும் வேலையில் முதல் காரியம், பேட்டரி இணைப்பை எடுப்பது. அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்களில் பழுப்பு நிற ஒயர் எப்போதும் மின்சாரம் உள்ளது, பியூஸ் வழியாக வராதது. சாவியைத் திருப்பாமல் இருந்தாலும் அது உயிரோடுதான் இருக்கும். பலகைக்குப் பின்னால் கையைவிட்டு ஸ்பேனரைத் திருப்பும்போது அது இரும்பில் பட்டால் ஒயர் கட்டு முழுவதும் எரிந்துவிடும். பேட்டரியைக் கழற்றிய பிறகு ஒவ்வொரு இணைப்புக்கும் துணி நாடாவில் எண் எழுதிக் கட்டி, படமும் எடுத்துக்கொண்டேன். நிறங்களை நம்பலாம்: பச்சை என்றால் சாவி போட்ட பிறகு பியூஸ் வழியாக வருவது, கறுப்பு எர்த், சிவப்பு பக்க விளக்கு, நீலம் முகப்பு விளக்கு, பச்சையில் கறுப்புக் கோடு பெட்ரோல் மீட்டரிலிருந்து டேங்குக்குப் போவது, பச்சையில் நீலக் கோடு வெப்பமானியிலிருந்து எஞ்சினுக்குப் போவது. ஆனால் ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆன ஒயரில் பச்சை, கறுப்பாகவும் நீலம், சாம்பலாகவும் மாறியிருக்கும். எண் எழுதிக் கட்டுவதே பாதுகாப்பு.

பெரிய மீட்டர்கள் இரண்டும் சிறியவை இரண்டும் பின்பக்கம் பாலம் போன்ற தகட்டாலும் கையால் திருகும் நட்டாலும் பிடிக்கப்பட்டிருக்கும். வேகமானியின் கேபிளும், எஞ்சின் சுழற்சி காட்டும் மீட்டரின் கேபிளும் தனித்தனி. இந்த வகையில் சுழற்சி மீட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து கேபிள் வழியாகத்தான் இயங்குகிறது. சுவிட்சுகளின் முன்பக்க வளைய நட்டுகளில் சிறு வெட்டுகள் இருக்கும். இடுக்கியால் திருகினால் நிக்கல் பூச்சு போய்விடும். புதூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் பித்தளைக் குழாயின் முனையை அந்த வெட்டுகளுக்கு ஏற்ப அராவி ஒரு சாவி செய்து வாங்கிக்கொண்டேன். எல்லா நட்டும் கீறலின்றி வந்தன. மரப்பலகையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கிய மழைநீர் துரு பிடிக்க வைத்திருந்தது. கம்பித் தூரிகையால் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்து, அதன் மேல் கறுப்பு பெயிண்ட் அடித்தேன். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

பழைய பலகையைத் தூக்கி எறியக் கூடாது. அதுதான் அச்சு. வெர்னியரால் அதன் கனத்தைக் கெடாத இடத்தில் அளந்துகொண்டேன். இது மிகவும் முக்கியம். பலகை ஒரு மில்லிமீட்டர் கூடினால்கூடச் சுவிட்சின் கழுத்து மரை முன்பக்கம் எட்டிப்பார்க்காது, வளைய நட்டு பிடிக்காது. பிளைவுட்டின் கனம், முன்பக்க வெனீர், பின்பக்க வெனீர், பூச்சு எல்லாம் சேர்ந்துதான் பழைய கனத்துக்கு வர வேண்டும். பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள மரைன் வகையைத்தான் வாங்கினேன். அந்தத் தரத்தில் 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் அடுக்கு பிரியக் கூடாது என்பது விதி. உள்ளே பீனால் பார்மால்டிஹைடு பசை இருக்கும். கடையில் விலை குறைந்த வகையைக் காட்டி இதுவும் தண்ணீருக்குத் தாங்கும் என்பார்கள். இவ்வளவு சின்னப் பலகைக்கு மிச்சம் பிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

இனி மரம். வால்நட் நம் ஊரில் விளைவதில்லை. தேக்கு வெனீர் எந்தக் கடையிலும் கிடைக்கும், ஆனால் தேக்கின் மஞ்சள் இந்தக் காரின் கறுப்பு ரெக்சினோடு ஒட்டவில்லை. ஈட்டி அழகு, ஆனால் கருமை அதிகம். மீட்டர்களின் கறுப்பு அதில் கரைந்துவிடும். எனக்கு வேண்டியது நடுத்தரப் பழுப்பு, அதில் கருங்கோடுகள். மர வியாபாரத்தில் கிழக்கிந்திய வால்நட் என்று வாகைக்கு ஒரு பெயர் உண்டு என்பதைப் படித்திருந்தேன். வாகையின் வைரப் பகுதியை, அதாவது உள்ளே முற்றிய நடுமரத்தை, இழைத்துப் பார்த்தபோது அந்தப் பெயரைக் கொடுத்தவர் கண்ணுள்ளவர் என்று தெரிந்தது. அதே பழுப்பு, அதே கருங்கோடு, கொஞ்சம் தடித்த இழை.

வாகையை எங்கே வாங்குவது என்பதற்கு விடை எண்ணெய்ச் செக்கில் இருந்தது. மரச்செக்குக்கு வாகைதான் உகந்தது என்று தமிழ்நாடு முழுவதும் சொல்வார்கள். செக்கு செய்யும் இடத்தில் கடைந்தது போக மீந்த துண்டுகள் கிடக்கும். உசிலம்பட்டிப் பக்கம் செக்கு செய்யும் ஆசாரி ஒருவரிடம் போனேன். எனக்கு முன்பே அறிமுகமான தச்சு ஆசாரியும் கூட வந்தார். வழியெல்லாம் அவர் எச்சரித்துக்கொண்டே வந்தார்: “தம்பி, தூங்குமூஞ்சியை வாகை என்று தலையில் கட்டிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். இழைத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.” தூங்குமூஞ்சி தென் அமெரிக்காவிலிருந்து வந்த சாலை மரம், வாகைக்கு உறவு, நிறமும் கிட்டத்தட்ட ஒன்று, ஆனால் எடை குறைவு, மென்மை அதிகம். இந்த இடத்தில் அந்தக் கவலைக்கு வேலையில்லை. செக்குக்காரர் துண்டை என் கையில் கொடுத்த உடனே கனம் தெரிந்தது. அவர் கவட்டைப் பகுதி ஒன்றையும் எடுத்துக் காட்டினார். கிளை பிரியும் இடத்தில் இழை தீ எழுவதைப்போல மேலே ஏறியிருந்தது. பார்க்கப் பேரழகு. ஆனாலும் நான் கவட்டை இல்லாத துண்டையே எடுத்தேன். கவட்டை மரம் காயும்போது இழுத்து வெடிக்கும் குணம் உள்ளது, வெயிலில் நிற்கும் காருக்கு அது ஆகாது. மரம் நிழலில் பல வருடம் கிடந்து காய்ந்தது என்பதையும் உறுதி செய்துகொண்டேன்.

வாடிப்பட்டிப் பக்கத்து அறுப்பு மில்லில் அந்தத் துண்டை மெல்லிய ஏடுகளாக அறுத்தோம். கத்தியால் சீவிய வெனீர் அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். வாளால் அறுத்ததை அவ்வளவு மெல்லிதாக எடுக்க முடியாது. மூன்று மில்லிமீட்டருக்கு அறுத்து, பிறகு தேய்த்து ஒன்றரைக்குக் கொண்டுவந்தோம். அதைவிடத் தடிமனாக விட்டால் அது வெனீராக இருக்காது, தனிப் பலகையாகி, அடியில் உள்ள பிளைவுட்டை மதிக்காமல் தன் போக்கில் சுருங்கும். வாகையின் இழை ஒரே திசையில் ஓடுவதில்லை. ஒரு பட்டை இப்படி, அடுத்த பட்டை அப்படி என்று பின்னிக் கிடக்கும். இழைப்புளி போட்டால் பிய்த்துக்கொண்டு வரும். தச்சு ஆசாரி இழைப்புளியைத் தொடவே இல்லை. கப்பலூர் தொழிற்பேட்டையில் கதவு செய்யும் ஒரு தொழிற்கூடத்தில் அகலமான பெல்ட் சாண்டர் இருக்கிறது. அங்கே கொண்டுபோய்த் தேய்த்தோம். வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. முகமூடி இல்லாமல் இந்த மரத்தில் கை வைக்க வேண்டாம்.

அடுத்தடுத்து அறுத்த இரண்டு ஏடுகளைப் புத்தகத்தைத் திறப்பது போல விரித்து வைத்தால், வலப்பக்கக் கோடுகள் இடப்பக்கத்தில் கண்ணாடியில் தெரிவது போல் அமையும். நடுவில் உட்காரும் இந்தப் பலகைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடையாது. மீட்டர்கள் இருபுறமும் சமமாக நிற்க, கோடுகளும் இருபுறமும் சமமாக விரிகின்றன. ஏடுகளில் எண் போட்டு வைப்பது அவசியம், வரிசை கலைந்தால் இணை கிடைக்காது. ஓரத்தில் இருந்த வெள்ளைப் பகுதியை முழுவதும் வெட்டி எறிந்தோம். வாகையின் வைரத்தைப் பூச்சி எளிதில் தொடாது, வெள்ளையை விட்டுவைக்காது.

பசையைத் தேர்ந்தெடுப்பதற்கு மட்டும் கத்திரி வெயில் வரும்வரை காத்திருந்தேன். மீந்த பிளைவுட்டில் மீந்த வெனீரை வெவ்வேறு பசைகளில் ஒட்டி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, காரின் முன்கண்ணாடிக்கு அடியில் வரிசையாக வைத்தேன். ரப்பர் பசையில் ஒட்டியது முதலில் தோற்றது. சூட்டில் பசை இளகி, நடுவில் கொப்புளம் எழுந்தது. அதை விரலால் அழுத்தினால் படிந்து, விட்டால் மீண்டும் எழுந்தது. சன்மைக்கா ஒட்ட அது நல்ல பசைதான், வீட்டுக்குள். வெள்ளைப் பசை கொப்புளம் விடவில்லை, ஆனால் இரண்டு ஏடுகள் சேரும் இணைப்பு மெல்ல விலகி மயிரிழை இடைவெளி தெரிந்தது. அந்தப் பசை காய்ந்த பிறகும் சூட்டில் மெல்ல நழுவும் தன்மையுள்ளது. யூரியா பார்மால்டிஹைடு பசையில் ஒட்டிய துண்டு அப்படியே இருந்தது. அது இறுகிவிட்டால் சூட்டில் இளகாத வகை. கதவுத் தொழிற்கூடங்கள் பிரஸ்ஸில் போடுவதும் அதைத்தான். கப்பலூரில் பெல்ட் சாண்டர் கொடுத்தவர்களே ஒரு டப்பா பசையையும் கொடுத்தார்கள்.

அந்தப் பசை தானாக இறுகாது. அதற்கு அமோனியம் குளோரைடு கலக்க வேண்டும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் பயன்படுத்தும் நவச்சாரம்தான் அது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். பசையில் தங்கியுள்ள பார்மால்டிஹைடோடு அது சேரும்போது அமிலம் உண்டாகிறது, அந்த அமிலம் பசையை இறுக வைக்கிறது. 100 கிராம் பசைக்கு 1 கிராம் நவச்சாரம், கொஞ்சம் வெந்நீரில் கரைத்து ஊற்றினேன். கூடினால் கைக்கு அடங்காமல் சீக்கிரம் கட்டியாகும். வெனீரின் துளைகள் வழியாகப் பசை முன்பக்கம் கசியாமல் இருக்க ஒரு கரண்டி மைதாவும் கலந்தோம். பிளைவுட் ஆலைகளின் பழைய வழக்கம் அது. மைதா அதிகமானால் ஈரத்துக்குத் தாங்கும் குணம் குறையும் என்பதால் அதற்கு மேல் போடவில்லை. இந்தப் பசையின் நெடி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். திறந்த வெளியில்தான் கலக்க வேண்டும்.

அழுத்திப் பிடிக்கப் பிரஸ் வேண்டுமே என்று கவலைப்பட வேண்டியதில்லை. மதுரைக்குப் பக்கத்தில் மேலூர் இருக்கிறது. கிரானைட் மெருகேற்றும் இடத்தில் உடைந்த ஓரத் துண்டுகள் கிடைக்கும். மெருகேறிய முகத்தைப் போலச் சமதளமான பரப்பை நாம் மரத்தில் செய்யவே முடியாது. இரண்டு துண்டுகளை வாங்கிவந்தேன். கல்லின் மேல் பாலிதீன் தாள், அதன் மேல் முன்பக்க வெனீர், பசை தடவிய பிளைவுட், பின்பக்க வெனீர், மறுபடியும் பாலிதீன், மேலே இன்னொரு கல். பின்பக்கத்தை யாரும் பார்க்கப்போவதில்லை என்று வெறுமனே விடக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் வெனீர் ஒட்டினால் அந்தப் பக்கம் சுருங்கும்போது பலகை கிண்ணமாக வளையும். அதே மரம், அதே கனம், அதே திசை இழை பின்னாலும் வேண்டும். கல்லின் மேல் கட்டைகளைக் குறுக்கே வைத்து, அந்தக் கட்டைகளின் மேல் சி-கிளாம்புகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கி இறுக்கினோம். நேரடியாகக் கல்லில் கிளாம்பை இறுக்கினால் கல் பிளக்கும். கற்களை முன்கூட்டியே வெயிலில் வைத்துக் கைபொறுக்கும் சூட்டுக்கு ஏற்றியிருந்தேன். சூட்டில் இந்தப் பசை நன்றாக இறுகும். மறுநாள் வரை அசைக்கவில்லை.

பிரித்தபோது இணைப்புக் கோடு எது, மரத்தின் கோடு எது என்று பிரிக்க முடியவில்லை. ஆசாரி விரல் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இந்த மனிதர் பாராட்டுவது அவ்வளவுதான், எனக்கு அது போதுமானது.

துளைகளை வெனீர் ஒட்டிய பிறகே வெட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முன்பே துளையிட்ட பலகையில் வெனீர் ஒட்டினால் துளையின் விளிம்பில் அழுத்தம் கிடைக்காமல் வெனீர் தூக்கி நிற்கும். பழைய பலகையில் முதலில் சிம்பு கிளம்பியதும் வேகமானியின் விளிம்பில்தான். பழைய பலகையின் துளைகளை, மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் தகட்டில் பதித்து, அராவிச் சரிசெய்து அச்சாக்கினோம். பலகைக்கு அடியில் வேறொரு கட்டையை இறுக்கிவிட்டு, ஹோல்சாவால் சற்றுச் சிறிதாக வெட்டி, மீதியை அச்சை ஒட்டி ரவுட்டர் ஓட்டி எடுத்தோம். பெரிய மீட்டர்களுக்கு நான்கு அங்குலம், சிறியவற்றுக்கு இரண்டு அங்குலம் என்று பேச்சுக்குச் சொல்லலாம், ஆனால் நம்ப வேண்டியது கையில் உள்ள மீட்டரை. பூச்சு ஏறும் இடத்தையும் விட்டு, மீட்டர் தளர்வாக உள்ளே போகும்படி வைத்தோம். வெட்டிய விளிம்புகளில் பிளைவுட்டின் அடுக்குகள் வாய் திறந்து நிற்கும். ஈரம் புகும் வழி அதுதான். தின்னர் கலந்து நீர்த்த பூச்சை விளிம்புகளுக்கு மட்டும் மரம் குடிப்பது நிற்கும்வரை தடவினேன்.

பூச்சைப் பற்றி ஆசாரிக்கும் எனக்கும் நீண்ட வாதம் நடந்தது. அவர் அரக்குப் பாலிஷில் வளர்ந்தவர். துணிப் பந்தில் அரக்கும் ஸ்பிரிட்டும் நனைத்துத் தேய்த்தால் வரும் ஆழம் வேறு எதிலும் வராது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். “அண்ணே, வீட்டு அலமாரிக்கு நீங்கள் சொல்வதுதான் சரி. இது வெயிலில் நிற்கிற வண்டி” என்றேன். அரக்கு டேஷ்போர்டு சூட்டில் இளகும், தண்ணீர் பட்டால் வெள்ளைத் தடம் விடும். மேற்கூரையைத் திறந்து ஓட்டும் காரில் தண்ணீர் படாமல் இருக்காது. மெலமைன் பூச்சு கடினம், ஆனால் கடினமே குறை. மரம் அசையும்போது அது வெடிக்கும். கடைசியில் இரண்டு பாகம் கலக்கும் பாலியூரிதேன் பூச்சு, வெளிப்புறத்துக்கென்று செய்த, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வகை. அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. துணி முகமூடி அதற்குப் பயன்படாது. கரி வடிகட்டி உள்ள முகமூடி போட்டுத்தான் ஸ்பிரே செய்ய வேண்டும், அதுவும் திறந்த இடத்தில்.

பூச்சு வேலையை ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று புரட்டாசியில் தொடங்கினோம். காற்றில் ஈரம் ஏறிவிட்டால் பூச்சில் அதன் தீங்கு தெரியும்; நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்றால் பால் போல் வெளுத்தே போய்விடும். காலையில் காற்று எழுவதற்கு முன், தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு ஸ்பிரே செய்தோம். வாகையின் துளைகள் பெரியவை. அவற்றை நிரப்புவதற்கே முதல் பூச்சுகள் போய்விடும். ஒவ்வொன்றும் காய்ந்த பின் 400 எண் வாட்டர் பேப்பரால் சமமாக்கி மீண்டும் பூச்சு. மேற்பரப்பில் ஒரு குழியும் தெரியாதபோதுதான் கடைசிப் பூச்சு. அதைக் கண்ணாடிப் பளபளப்பாக விடாமல் அரை மெருகாக வைத்தேன். கூரை திறந்த வண்டியில் பிற்பகல் வெயில் பின்னாலிருந்து நேராகப் பலகையில் விழும். பளபளப்பு இருந்தால் அது கண்ணில் அடித்து மீட்டர் தெரியாது.

பூச்சு முழுவதும் இறுகக் காத்திருந்த நாட்களில் மீட்டர்களைக் கவனித்தேன். ஸ்மித்ஸ் நிறுவனத்தின் இந்த மீட்டர்களின் குரோம் வளையத்தைச் சற்றுத் திருப்பினால் வெட்டுகள் நேராக வந்து கழன்றுவிடும். கண்ணாடியைக் கழுவலாம், முகப்பைத் தொடக் கூடாது. எண்களின் அச்சு ஈரத் துணிக்கே போய்விடும். மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டியதோடு நிறுத்தினேன். உள்ளே விளக்கொளி பரவும் இடத்தில் வெள்ளைப் பெயிண்ட் பழுத்திருந்தது, அதைப் புதுப்பித்தேன். பல்புகள் 12 வோல்ட், 2.2 வாட், திருகு வகை. இரவில் மீட்டர் வெளிச்சம் மங்குகிறது என்று பலர் பெரிய பல்பு போடுகிறார்கள். அது சூட்டில் முகப்பைக் கருக்கிவிடும். குறை பெரும்பாலும் எர்த்தில் இருக்கும். மரப்பலகையில் மின்சாரம் ஓடாது; ஒவ்வொரு மீட்டரின் உடலையும் கறுப்பு ஒயரால் கோத்து இரும்பில் கட்டியாக வேண்டும். பழைய ஒயரின் வளையங்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. புதிய ஒயரை முழுவதும் ஈயப்பற்று வைத்துக் கட்டினேன்.

பெட்ரோல் மீட்டரும் வெப்பமானியும் 10 வோல்ட்டில் இயங்குபவை. அந்த 10 வோல்ட்டைக் கொடுப்பது டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஒரு சிறு தகரப் பெட்டி, ஸ்டெபிலைசர். உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு பட்டை சூடேறி வளைந்து இணைப்பைத் துண்டித்தும் சேர்த்தும் சராசரியாக 10 வோல்ட் தரும். இரண்டு மீட்டரும் சேர்ந்தாற்போல் அதிகமாகக் காட்டினால் எஞ்சினையோ டேங்கையோ பிரிக்க வேண்டாம், முதலில் இந்தப் பெட்டியைப் பாருங்கள். எங்கள் வண்டியில் அதன் முனைகள் ஒட்டிப்போய் 12 வோல்ட் நேராக வந்துகொண்டிருந்தது. எஞ்சின் கொதிப்பதாக வெப்பமானி காட்டியது அதனால்தான். மின்னணு உதிரிக் கடையில் 7810 என்ற மூன்று கால் சில்லு கிடைக்கும். அது சீராக 10 வோல்ட் தரும். பழைய பெட்டிக்குள்ளேயே அதை, இரண்டு சிறு மின்தேக்கிகளோடு வைத்து, அதே முனைகளில் இணைத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சில்லின் உலோக முதுகு எர்த். தகரத்தோடு இறுக்கினால் சூடும் இறங்கும். இது எங்கள் வண்டியைப் போல எதிர்முனை எர்த் உள்ள, அதாவது பேட்டரியின் எதிர்முனையை வண்டியின் இரும்போடு இணைத்த, வண்டிக்கு மட்டும். நேர்முனை எர்த் உள்ள பழைய கார்களில் இப்படி வைத்தால் சில்லு அந்த நிமிடமே போய்விடும்.

பொருத்தும்போது ஸ்குரூக்களை இறுக்கிப் பிடிக்கவில்லை. பலகையில் திருகுத் துளைகளை ஸ்குரூவைவிடச் சற்றுப் பெரிதாக விட்டு, தலைக்கு அடியில் மெல்லிய பைபர் வாஷர் வைத்தேன். மரம் அசைய இடம் வேண்டும். இரும்புச் சட்டத்தோடு பூட்டி வைத்தால் சுருங்கும்போது பலகைதான் பிளக்கும். பலகையின் பின்பக்கம், பூச்சுக்கு முன்பே, பென்சிலில் மரம், பசை, பூச்சு, எர்த் எடுத்த இடம் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். அடுத்துக் கழற்றுபவருக்கு அந்த விவரம் வேண்டும். இணையான ஏடு ஒன்றும் எண் போட்டு மீதம் இருக்கிறது.

வேகமானி மைல் கணக்கில்தான் காட்டுகிறது. அதை மாற்றச் சொல்லிச் சிலர் வற்புறுத்தினார்கள். 50 மைல் என்றால் 80 கிலோமீட்டர் என்பது நினைவில் இருந்தால் நான்குவழிச் சாலையில் போதும். முகப்பைத் தொட மனம் வரவில்லை.

பலகை ஏறிய பிறகு ஒரு அடைமழைக் காலமும் ஒரு கத்திரியும் போய்விட்டன. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து விளிம்பு விளிம்பாகப் பார்த்தேன். மீட்டர் துளைகளைச் சுற்றி வெடிப்பு இல்லை, நடு இணைப்பு விலகவில்லை, கீழ் விளிம்பு விரியவில்லை. இரண்டு ஸ்குரூ மட்டும் தளர்ந்திருந்தன, கால் சுற்றுத் திருப்பினேன். வெயிலில் மரத்தின் நிறம் சற்று ஆழமாகியிருக்கிறது, அது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. கண்ணாடிக்கு அடியில் உள்ள மெத்தைப் பட்டையின் ரெக்சின்தான் இடது முனையில் தூக்கத் தொடங்கியிருக்கிறது. சீட் தைப்பவரிடம் கறுப்பு ரெக்சினுக்கும், உள்ளே வைக்க மூன்று மில்லிமீட்டர் ஈ.வி.ஏ. ஃபோம் என்ற மெத்தைத் தாளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கான பசைகளும் இப்போது காருக்குள் வெயிலில் கிடக்கின்றன.